வேனில் ஏறாதவள்

“சைக்கிளையெல்லாம் மேலே ஏத்துங்க. ஆளுங்க உள்ளே ஏறுங்க. சீக்கிரம், சீக்கிரம்!”

கத்தியவர் மைக் மன்னர். மூன்று நாள் சைக்கிள் பயணத்தின் அமைப்பாளர். குளிக்கும்போதுகூட மைக்கைக் கீழே வைக்கமாட்டார் என்று நாங்கள் சூட்டிய பட்டம் அது.

பெட்ரோல் பங்க் நிழலில் நாங்கள் நின்றிருந்தோம். ஆஸ்பத்திரி வாசலுக்கு இன்னும் பத்து கிலோமீட்டர். அதுதான் முடிவுக் கோடு. சிறுநீரக நோயாளிகளுக்கு ஒரு டயாலிசிஸ் மெஷின் வாங்கித் தருவதற்காகத்தான் இந்த மிதி மிதித்து வந்திருக்கிறோம்.

“வேன் எதுக்கு சார்?” என்றேன்.

“சீஃப் கெஸ்ட் சீக்கிரமே வந்துட்டார்ம்மா. உடனே கிளம்பணுமாம். வேன்ல போய் ஆஸ்பத்திரி முனையில இறங்குறீங்க. அங்கிருந்து வரிசையா ஓட்டிக்கிட்டு, கையை ஆட்டிக்கிட்டு வர்றீங்க. போட்டோ அள்ளும்!”

“நடுவுல இருக்கிற ரோடு?”

“அது எங்கேயும் ஓடிடாது. அப்புறமா வந்து ஓட்டிக்க.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஏறினார்கள். வங்கி மேனேஜர் ஏறினார். முழங்காலில் கட்டுப் போட்டிருந்த உடற்பயிற்சி டீச்சர் ஏறினார். ஒருவருக்கும் வெட்கமில்லை.

என் அப்பா பஸ் டிரைவர். கடற்கரையில் தொடங்கி இந்த ஆஸ்பத்திரி வாசலில் முடியும் இதே சாலையில்தான் ஆயுசெல்லாம் ஸ்டியரிங் பிடித்தார். சிறுநீரகம் கைவிட்ட பிறகு, அதே பஸ்ஸில் ஜன்னலோரப் பயணியாக டயாலிசிஸுக்கு வந்து போனார். போன வருடம் போய்ச் சேர்ந்தார். இந்தச் சாலையை ஒரு பள்ளம்கூட பாக்கி வைக்காமல் என் காலால் கடக்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். சீஃப் கெஸ்டின் அவசரத்துக்குப் பத்து கிலோமீட்டரைத் தாரை வார்க்க அல்ல.

“நான் ஏறலை சார்.”

மைக் மன்னரின் முகம் சுருங்கியது. “ஏறாதவங்க ரைடை முடிச்சதா எடுத்துக்க மாட்டோம். மெடல் கிடையாது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிதித்துப் போனால் முடிக்காதவள். வேனில் காலாட்டிக்கொண்டு போனால் முடித்தவள்!

“சார், நான் பல் செட் செய்யற லேப்ல வேலை பார்க்கிறேன். நான் கட்டுறதே பொய்ப்பல்லுதான். ஆனா அதுகூடக் கடிச்சா கடிக்கும். நீங்க பண்றது அதைவிட மோசமான பொய்.”

வேனுக்குள் யாரோ “அம்மாடி!” என்றார்கள். அதற்குள் போன் அடித்தது. அண்ணன். ஆஸ்பத்திரி வாசலில் விழா மேடை முழுக்க அவன் பொறுப்பு. வேனிலிருந்து யாரோ அவனுக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும்.

“குட்டை, அடம் பிடிக்காதே. ஏறு. என் மானம் போகுது.”

“உன் மானம் வேன்லயா வருது?”

வைத்துவிட்டேன். வேன் புழுதியை என் முகத்தில் அப்பிவிட்டுப் போனது.

பாதுகாப்புக்கு வந்த போலீஸ் ஜீப்பும் அதன் பின்னாலேயே போய்விட்டது. லாரிகள் தோளை உரசின. எதிர்க்காற்று மார்பில் கை வைத்துத் தள்ளியது. பாலத்தின் ஏற்றத்தில் தொடை இரண்டும் கல்லாகி, இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மைக் மன்னரின் முகத்தை நினைத்தேன். கால் தானாக மிதித்தது. கோபத்துக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது விழா முடிந்திருந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முடிவுக் கோட்டுக்கு மேல் காற்றடைத்து நிறுத்தியிருந்த பெரிய வளைவு, காற்றுப் போய், கேட்டுக்குக் குறுக்கே படுத்துக் கிடந்தது. இரண்டு பேர் அதைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் கழுத்தில் ஒரு மெடல்.

“வந்துட்டியா? லிஸ்ட்ல இருந்த உன் பேரையும் சீஃப் கெஸ்ட் படிச்சிட்டார். நான்தான் உனக்காக வாங்கினேன். நீ களைச்சுப் போய் வேன்ல படுத்திருக்கன்னு சொல்லிச் சமாளிச்சிட்டேன்.”

“நான் வேன்ல படுத்திருந்தேனா?”

“சும்மா ஒரு பேச்சுக்கு…”

“அப்பாவுக்கும் இப்படித்தான் பண்ணின!” என் குரல் வாசலெங்கும் கேட்டது. “டாக்டர் ‘எப்படி இருக்கீங்க பெரியவரே’ன்னு கேட்டா, அவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள ‘சூப்பரா இருக்கார் டாக்டர்’னு நீ சொல்லுவ. வலிக்குதுன்னு சொல்ல அந்த மனுஷனை ஒரு நாள் விட்டிருக்கியா? இப்ப எனக்கும் நீயே களைச்சு, நீயே முடிச்சு, நீயே மெடலும் வாங்கிட்டியா?”

மைக் மன்னர் ஓடிவந்தார்.

“விடும்மா, வளைவைத் திரும்ப ஊதச் சொல்றேன். கொஞ்சம் பின்னாடி போய் ஓட்டிக்கிட்டு வா. ஒரு போட்டோ எடுத்துடலாம்.”

“எனக்கு வளைவு வேண்டாம் சார். வழி விடுங்க.”

சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு ஓரமாக அதை இழுத்தார்கள். சைக்கிள் நுழையும் அளவுக்கு இடம் கிடைத்தது. தரையில் சுண்ணாம்புக் கோடு, செருப்புக் காலில் மிதிபட்டுப் பாதி அழிந்திருந்தது. ஏறி மிதித்து அதைத் தாண்டினேன். யாரும் கைதட்டவில்லை. கேட்டுக்கு உள்ளே, அப்பாவைப் பஸ்ஸிலிருந்து கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்கார வைக்கும் சிமென்ட் பெஞ்ச் காலியாக இருந்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மூச்சுதான் வாங்கியது.

அண்ணன் மெல்ல வந்தான். மெடலைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். நீட்டினான்.

“அது வேன்ல வந்தவளுக்குக் கொடுத்தது. எனக்கு வேண்டாம்.”

அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பைக்குள் திணித்தான். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான்.

“எப்படி இருக்க?” என்றான் கடைசியில்.

பதிலை அவனே சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“முதுகு வலிக்குது. தொடை ரெண்டும் எரியுது. உன்மேல இன்னும் கோபமாத்தான் இருக்கேன்.”

“சரி,” என்றான் அண்ணன்.