ஆட்டைத் தேடும் சண்டை

ஆப்கானிஸ்தானத்துப் புருஷன் பெண்டாட்டி சண்டை ஒன்றைக் கேட்டு ஈரான் தேசமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப்போகிறது என்றால், அதற்கு முழுக் காரணம் காரைக்குடி செக்காலையில் சும்மா உட்கார்ந்திருக்கும் நான்தான்.

என் மகள் துர்காதேவி வீட்டிலிருந்தே வீடியோ கேம்களுக்கு மொழிபெயர்ப்பாளர் பிடித்துத் தருகிறாள். அன்று பஷ்தோ மொழியில் ஒரு கேம். ஆட்டைத் தொலைத்த கிழவனும் கிழவியும் திட்டிக்கொண்டே மலையெல்லாம் தேட வேண்டும். அதைப் பாரசீகத்துக்கு மாற்ற வேண்டும். கிடைத்தவர்கள் எல்லாரும் முதலில் ஆங்கிலமாக்கி, அதிலிருந்து பாரசீகத்துக்குச் சுற்றி வந்தார்கள். “கிழவி கலெக்டருக்கு மனு எழுதுகிற மாதிரி திட்டுறாளாம்” என்று கேம் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஆள் இல்லையென்றால் துர்காவுக்கு வேலையே இல்லை.

“நம்ம ரஹ்மத்தக் கேக்கவா?” என்றேன்.

மைத்துனன் கருத்தையா பேப்பரைத் தாழ்த்தினான். “ஷார்ஜாக் கதையா மச்சான்? போன வாரந்தானே ஷேக்குக்கு ரசம் வைக்கச் சொல்லிக் குடுத்தீக?”

ரஹ்மத் என்னோடு ஷார்ஜாவில் ஒரே அறையில் இருந்த லாரி டிரைவர். காந்தகார்காரன், இப்போது ஹாம்பர்க்கில். கல்யாணப் பத்திரிகை போனாலும் வாயால் அழைத்தால்தான் எங்களுக்கு அழைப்பு. துர்கா கல்யாணத்துக்கு அவனையும் போனில் அரைகுறை இந்தியில் அழைத்தேன். பின்னால் அவன் மனைவி பாரசீகத்தில் கத்த, இவன் பஷ்தோவில் கத்தினான். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியும்தான். கோபம் வந்தால் மட்டும் புரியாது. நடுவில் மகள் ஜர்மினா, இங்குட்டுத் திட்டை அங்குட்டு மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அதுதான் அவள் பிழைப்பு என்று ரஹ்மத் சிரித்தான்.

போன் போட்டேன். துர்கா ஜர்மினாவிடம் ஆங்கிலத்தில் பேசி, ஒரு காட்சியை அனுப்பினாள். அவள் மாற்றித் தந்ததை அப்படியே கம்பெனிக்குத் தள்ளிவிட்டாள். துர்கா போட்டிருந்த காப்பி ஆறி ஆடை கட்டியது.

இருட்டும் நேரத்தில், கம்பெனிக்காகச் சரிபார்க்கும் ஈரான்காரரிடமிருந்து பதில் வந்தது. துர்கா வாசித்தாள்: “இந்தக் கிழவி என் மாமியாரேதான். இவரையே வையுங்கள்.” வாசித்துவிட்டு முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் டீக்கடையில் கருத்தையாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னேன். ஆடு மட்டும் கொஞ்சம் யானை அளவுக்கு வளர்ந்திருந்தது. கடைக்காரன் காளிராஜ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான்.

“கருத்தையாண்ணே, இதுல எம்புட்டு உண்மை?”

கருத்தையா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். நுரை முழுக்க அடங்கியது.

“நடந்துச்சுப்பா” என்றான், கிளாசைப் பார்த்தபடி. “நானும் கூடத்தான் இருந்தேன்.”