போனில் சொல்லாதது

ஊர் உலகமே கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்த 2008இலும் பத்மாதேவியின் அம்மா கடிதம் எழுதுவதை விடவில்லை. மகள் எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! கேட்டால்தானே. யாழ்ப்பாணத்திலிருந்து ஞாயிறு தோறும் போனும் வரும். "நாங்கள் சுகம் பிள்ளை" என்பதோடு முடிந்துவிடும். இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டுபோன தம்பியைப் பற்றி மூச்சே இருக்காது. லைனில் யார் காது இருக்கிறதோ! கடிதத்தை யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள் என்று அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை.

அன்று காலை குண்டசாலையில் பஸ்ஸுக்கு ஓடும்போதுதான் வாடகை வீட்டுக்காரி கடிதத்தைக் கையில் திணித்தாள். நெரிசலில் அதைப் பிரிக்க ஒரு கையாவது மிஞ்ச வேண்டுமே. கண்டிக்குள் நுழையுமுன் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கினார்கள். பையைக் கிளறிய சிப்பாய், யாழ்ப்பாண முத்திரையைக் கண்டதும் உறையைக் கிழித்தான்.

"போன் இருக்குத்தானே, பிறகென்ன கடிதம்?" என்று சிங்களத்தில் கேட்டான்.

தம்பியின் கதையை அம்மா எழுதியிருந்தால் அவ்வளவுதான், இன்றைக்குப் பத்மாதேவி வீடு திரும்பமாட்டாள். சிப்பாய்க்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பின்னால் முக்காடு போட்டு நின்ற பெண்ணிடம் கடிதத்தை நீட்டினான். அவள் அனீஸா, பள்ளிக்கூட ஆசிரியை. தினமும் ஒரே பஸ்தான். சிரித்ததோடு சரி, பேசியதில்லை.

அனீஸா மனதுக்குள் ஒருமுறை வாசித்தாள். பிறகு சிங்களத்தில் மளமளவென்று சொன்னாள். அம்மாவுக்கு முழங்கால் வலியாம். மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம், வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறானாம்.

அட கடவுளே, தம்பி வந்துவிட்டானா! பத்மாதேவி பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். சிப்பாய் அலுத்துப்போய், போகச் சொல்லிக் கையை அசைத்தான்.

பஸ் புறப்படும்போது அவனும் ஏறி முன்படியில் நின்றுகொண்டான். மறுபடி ஏறும்போது இருவருக்கும் இடம் பிடித்துப் பக்கத்தில் உட்கார்ந்த அனீஸா, கடிதத்தை மடியிலேயே பொத்தி வைத்திருந்தாள்.

"இப்ப வாணாம் தங்கச்சி. எறங்கினதும் தாறேன்."

"தம்பின்ர வரியை மட்டும், அக்கா. ஒருக்கா என்ர கண்ணால பாக்கிறன்."

கெஞ்சிக்கொண்டே இழுத்துப் பிரித்தாள். அம்மாவின் சாய்ந்த எழுத்து.

'தம்பி போன கிழமை ஷெல் விழுந்து செத்துப்போனான். உடம்பையும் தரவில்லை. போனில் சொல்ல ஏலாது பிள்ளை. ஆக்களுக்கு முன்னால் அழுதுபோடாதே.'

அவள் வாய் திறக்குமுன் அனீஸாவின் உள்ளங்கை அதை இறுகப் பொத்தியது. சிப்பாய் திரும்பிப் பார்த்தான்.

"பஸ் ஒத்துக்கொள்ளவில்லை, குமட்டிச் சத்தி வருகிறதாம்" என்று அவனிடம் சிங்களத்தில் சொன்னாள் அனீஸா. கையை எடுக்கவில்லை.