நானூற்று முப்பத்தேழு அடி

வளர்மதி மூன்று வருடம் போட்ட இயற்பியல் கணக்கு அது. கட்டுரையாக வந்தால்தான் அவள் அடுத்த ஆராய்ச்சி வேலைக்கு மனுப் போட முடியும். சேர்ந்து எழுதலாம் என்று சொல்லித்தான் கிருத்திவாசன் கணக்கு, படம் எல்லாவற்றையும் வாங்கிப் போனான். ஆய்வகத்தில் அவளுக்கு மூத்தவன். ஊரும் பக்கம், திருப்புலிவனம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் அவள் கிராமமான பெருநகருக்கு, வீட்டுக்கே வந்துவிட்டான்.

"வளர், சின்ன டவுட். அந்த கிராஃப் படத்துல துகளோட மாஸ் 4.37னு ஏன் வெச்ச?"

பிரபஞ்சத்தின் முதல் கணத்தில் கனத்த துகள்கள் சில தோன்றி அப்போதே அழிந்தன. யாரும் அவற்றைப் பார்க்கப்போவதில்லை. ஆனால் இன்று விண்மீன் மண்டலங்கள் சிதறிக் கிடக்கும் விதத்தில் ஒரு மெல்லிய அலையை விட்டுப் போயிருக்கலாம். அலையின் முகடுகள் நெருங்க நெருங்கத் துகளின் கனம் அதிகம். அதைப் படிக்கும் வழிதான் அவள் கணக்கு.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"பத்திரிகையில பரிசீலிக்கிறவர் கேக்கறார். ரெண்டு வெச்சாலே அலை பளிச்சுனு தெரியுமே, தெரியாமப் போற அளவுக்கு ஏன் இவ்ளோ கனம்னு."

"அனுப்பிட்டீங்களா?"

அவன் வண்டிச் சாவியைத் திருகினான்.

"என் பேரு?"

"நன்றி சொல்ற எடத்துல போட்டிருக்கேன்."

"கல்யாணப் பத்திரிகையில பொண்ணு பேர அடிச்சிட்டு, பந்தல் போட்டவங்க வரிசையில சேத்துட்டீங்களா?"

எல்லம்மாள் சொம்போடு வந்தாள். மகளுடன் படிக்கிற பையன் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"குடி நைனா, நம்ம போர் தண்ணி. ரெண்டு தபா போட்டு வெறும் புழுதிதான். மூணாவது தபா, நானூத்தி முப்பத்தேயு அடில பீச்சிக்கினு வந்துச்சு பாரு!"

தண்ணீர் வந்த அன்று மாலை, படம் சரியாக வருகிறதா என்று பார்க்க வளர்மதிக்கு ஏதோ ஓர் எண் தேவைப்பட்டது. அதையே 4.37 என்று தட்டினாள். மாற்ற மறந்துபோனாள்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று புரிந்ததும் சொம்பு அவன் வாயருகே நின்றது.

"இத எப்படி எழுதறது? வேற காரணம் ஒண்ணு சொல்லேன். பதில் அனுப்ப நாளைக்குக் கடைசி நாள்."

"எழுதினவரத்தான கேட்டிருக்காங்க? நீங்களே சொல்லுங்க."

அவன் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

"இன்னாடி, தண்ணி குடிக்காமயே பூட்டாரு?" என்றாள் எல்லம்மாள்.

வளர்மதி போர் போட்டவர்கள் ஆழம் எழுதிக் கொடுத்த சீட்டைத் தேடி எடுத்தாள். பிறகு பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். '4.37க்கான காரணம் எங்கள் கொல்லையில் இருக்கிறது' என்று தொடங்கினாள்.