இரண்டு மணிக்கு இழுக்காத வண்டி

காலை ஆறு மணிக்குப் பரவையிலிருந்து கிளம்பினால் என் வண்டி பறக்கும். பதினாலு வருடத்துப் பழசு என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். பின்னால் என் மனைவி தாமரைச்செல்வி, அவள் மடியில் சாப்பாட்டுப் பை. தல்லாகுளத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்குக் காவல் வேலை, அவளுக்குக் கூட்டித் துடைக்கிற வேலை.

திரும்புகிறபோதுதான் சனியன் பிடிக்கும். மத்தியானம் இரண்டு மணி, அக்னி நட்சத்திர வெயில். ரயில்வே பாலத்து ஏற்றத்தில் இரண்டாவது கியரிலும் முக்கும். பின்னால் வருகிறவனெல்லாம் ஹாரன் அடிப்பான். ஏழு மணி நேரம் நின்ற காலோடு அதையும் கேட்க வேண்டும்.

மெக்கானிக் சுருளியிடம் மூன்று முறை விட்டேன். மூன்றும் காலையில். "நல்லாத்தானண்ணே ஓடுது" என்று திருப்பிக் கொடுத்தான்.

அந்த எரிச்சலில் ஒருநாள் பாலத்தில் வைத்துச் சொன்னேன்: "காலையில ஒன்னைய மட்டும் இழுக்குது. இப்ப ஒன் மத்தியானச் சாப்பாட்டையும் சேத்துல்ல இழுக்குது!"

அவளும் சிரித்தாள். நானும் மறந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, அதே ஏற்றத்தில் அவள் தலை என் முதுகில் சாய்ந்தது. பாவம், அசந்து தூங்குகிறாள் என்று நினைத்தேன். பிறகு பக்கவாட்டில் சரிந்தாள். ஒரு கையால் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரம் கட்டுவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. அவள் உடம்பெல்லாம் ஜில்லென்று வேர்வை. சர்க்கரைக்காரி. வாயில் போட ஏதாவது இருக்குமா என்று பையைத் திறந்தேன். சோறு வைத்தது வைத்தபடி இருந்தது.

கரும்புச்சாறு வண்டிக்காரர் ஓடிவந்து கொடுத்த சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். கால் மணி நேரத்தில் தெளிந்தாள்.

"ஏன்டி சாப்புடல?"

"மாத்திரையப் போட்டுக்கிட்டேன். வீட்டுல போயித் தின்னுக்கலாம்னு... இப்பக் கொஞ்சம் இழுக்குதாங்க?"

அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். அதே வெயிலில் நான் ஒருத்தனாக அதே பாலத்தில் ஏறினேன். அப்படியேதான் முக்கியது. நேரே சுருளியிடம் போய்க் கத்தினேன்.

அவன் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "மத்தியானத்துலதான் மக்கர் பண்ணுதுன்னு நீங்க சொல்லவே இல்லையேண்ணே. சூட்டுல காத்து லேசாயிரும். எஞ்சினுக்கு இழுக்குற காத்து பத்தாது, பெட்ரோலு மட்டும் அதே அளவுக்கு எறங்கும். சரியா எரியாது. ஒத்த ஆளு ஒக்காந்தாலும் இப்புடித்தான் முக்கும்."

வீட்டில் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுருளி சொன்னதைச் சொன்னேன். அவள் கை தட்டிலேயே நின்றது.

"காத்துதானா?" என்றாள். கோபமே இல்லாமல் கேட்டாள். "பத்து நாளா நான்தான் கனமா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொஞ்சம் சோறு வைக்கவா என்று கேட்டேன். போதும் என்றாள்.