விசாலத்தின் எக்ஸ்ரே

எங்கள் வீட்டில் பெண் கேட்டு வந்தவர்கள் யாரும் நிபந்தனை பேசியது கிடையாது. 1976-இல் சிங்கம்புணரி முத்துராமலிங்கம் பேசினார். அதுவும் என் வீட்டு முகப்பில், நான் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

அவர் மகன் சத்தியமூர்த்திக்கு என் மகள் விசாலத்தைக் கொடுப்பதாகப் பேச்சு. பையன் பம்பாய்த் துறைமுகத்தில் இன்ஜினியர். விசாலமும் பம்பாயில்தான், ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. பரிசம் போட நாள் குறித்தாயிற்று. அதற்காக லீவு போட்டுக் கீழச்சிவல்பட்டி வந்திருந்தாள்.

இந்த நேரம் பார்த்து என் மைத்துனன் வீரையா, சிங்கம்புணரிச் சந்தையில் நின்று அக்காள் மகள் பெருமை பேசியிருக்கிறான். "எங்க விசாலத்துக்கு மூணு வருசமா எக்ஸ்ரேதான். ராப்பகலா எக்ஸ்ரேதான்!" கேட்டவர்களுக்குத் தெரிந்த எக்ஸ்ரே ஒன்றுதான்: காசநோய்க்காரன் நெஞ்சில் எடுப்பது. பேச்சு மாட்டுத் தரகர்கள் வாயில் ஏறி முத்துராமலிங்கம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அவரும் மனைவி அன்னக்கிளியும் காலையிலேயே வந்து இறங்கினார்கள்.

"தப்பா நெனைக்காதீக மச்சான். காரைக்குடியில ஒரே ஒரு படம் எடுத்துப் பாத்துருவோம். நெஞ்சு சுத்தமா இருந்தாக் குறிச்ச நாள்லயே பரிசம்" என்றார் அவர்.

"என் மக நெஞ்சைப் படம் புடிச்சுக் காட்டித்தான் கட்டிக்குடுக்கணும்னா, அப்படி ஒரு கல்யாணம் அவளுக்கு வேணாம்" என்றேன்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். விசாலம் வந்து நின்றாள்.

"எக்ஸ்ரே எனக்கில்ல மாமா, நட்சத்திரத்துக்கு."

"நட்சத்திரத்துக்கு என்னாத்தா சீக்கு?" என்றார் அன்னக்கிளி.

"சீக்கில்ல அயித்தெ, செத்தே போச்சு. பெரிய நட்சத்திரம் வெடிச்சு, நடுவுல உள்ளது இறுகி, காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் மத்தியில அடங்குற அளவுக்குச் சுருங்கிரும். நியூட்ரான் நட்சத்திரம்னு பேரு. பக்கத்துல இன்னொரு நட்சத்திரம் மாட்டுனா, அதுக்கிட்ட இருந்து வாயுவை உறிஞ்சும். விழுகுற வாயு கொதிச்சு எக்ஸ்ரேயா அடிக்கும். அந்தக் கதிரு காத்தைத் தாண்டித் தரைக்கு வராது. அதான் கருவியைப் பெரிய பலூன்ல கட்டி மேல விடுறோம்."

"செத்ததுக்கு ஏதுத்தா சோடி?" என்றார் அன்னக்கிளி.

"அதுக்குத்தான் கூட்டத்துல தேடுறோம். லச்சக்கணக்குல நட்சத்திரம் ஒரே எடத்துல நெருக்கியடிச்சுக் கெடக்கும். அங்கன செத்ததுக்கும் சோடி சிக்கிரும்."

"மேலயும் சொந்தத்துக்குள்ளதான் சம்பந்தமாக்கும்!" அன்னக்கிளி விழுந்து விழுந்து சிரித்தார்.

முத்துராமலிங்கம் சிரிக்கவில்லை. "எல்லாஞ் சரித்தா. இருந்தாலும் ஊர் வாயை மூட ஒரு படம்..."

அவரை வாசலைக் காட்டி அனுப்பிவிடுவது என்று நான் வாயைத் திறப்பதற்குள் விசாலம் முந்திக்கொண்டாள்.

"எடுப்போம் மாமா. ரெண்டு வீட்லயும் எல்லாரும் எடுப்போம். நீங்கதான பெரியவுக, மொதல்ல ஒங்க நெஞ்சைக் காட்டுங்க."

அவர் வாயிலிருந்து சுருட்டை எடுத்தார். "எனக்கு எதுக்குத்தா?" என்று தொடங்கியவர் இருமலில் முடித்தார்.

"இந்த நெஞ்சு போடுற சத்தத்துல எங்க வீட்ல கோழி அடையிறதில்ல" என்றார் அன்னக்கிளி. "படம் எடுத்தா வெறும் பொகதான் விழுகும். இன்னொருக்காப் படம்னு பேசுனீக, ஒங்களத்தான் மொதல்ல இழுத்துட்டுப் போவேன்."

"நானாச் சொல்லல. ஊருக்குள்ள சொன்னாக."

"ஊர் சொன்னது இருக்கட்டும். நீங்க சொன்னதைத் திரும்ப வாங்கிக்கங்க" என்றேன்.

சுருட்டை அணைத்துக் காதில் செருகிக்கொண்டார். "வாங்கிக்கிட்டேன் மச்சான்."

சம்பந்தம் உறுதியாகாத வீட்டில் எங்கள் பக்கம் யாரும் கை நனைக்க மாட்டார்கள். அன்னக்கிளி தானாகவே பின்கட்டுக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். "எலையப் போடச் சொல்லுங்கண்ணே, பசிக்குது."

இலை போட்டோம். முத்துராமலிங்கத்தை நான் கூப்பிடவில்லை. நிபந்தனை பேசியவர் அவர். சோற்றையும் அவரே கேட்கட்டும் என்று நின்றேன்.

கேட்டார், கோழிக்குழம்பு வாசம் முகப்புவரை வந்த பிறகு.