ராஜய்யா சம்மதித்த கார்டு

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேள்வி என்னுடையது இல்லை, பாவ்-ஜூவுடையது. அவள் எங்கள் பொம்மலாட்டக் குழுவின் தலைவி. நான் அந்தக் குழுவின் மேடை லாரியை ஓட்டுகிறவன், பெயர் ஷுய்-லாய். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மூச்சு முட்டுகிற இடத்தில் புள்ளி வைக்கிறேன். இலக்கணம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளலாம், பொறுக்காமலும் இருக்கலாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஹுவெய் நகரத்தின் மேல் கருமேகங்கள் சூழ்ந்திருந்த ஒரு மாலையில், பாவ்-ஜூ தன் விதியை"

அடித்துவிட்டேன். அது மாலை இல்லை, காலை. மேகமும் இல்லை, மண்டை வெடிக்கிற வெயில். எழுத உட்கார்ந்தால் மட்டும் இந்த மேகம் எங்கிருந்து வருகிறதோ.

இரண்டாவது: "கம்ப்யூட்டரும் மனிதனைப் போலத்தான், அதற்கும்"

பொய். கம்ப்யூட்டர் கம்ப்யூட்டரைப் போலத்தான்.

மூன்றாவது: "பாவ்-ஜூ கார்டை மார்போடு அணைத்துக்கொண்டு லாரியில் ஏறினாள்." இது நடந்தது. இது இருக்கட்டும்.

2

என்ன கார்டு என்று கேட்பீர்கள். கிராஃபிக்ஸ் கார்டு. முன்பெல்லாம் பொம்மைகளுக்குப் பின்னால் துணியில் வரைந்த மலையும் அரண்மனையும் தொங்கும். இப்போது லாரியின் பக்கம் முழுவதும் எல்.இ.டி. திரை. மேகம் ஓடும், டிராகன் பறக்கும். எல்லாம் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. கம்பெனியில் பூட்டி முடித்து அட்டைப் பெட்டியில் அனுப்புகிறார்களே, அந்த மாதிரி ரெடிமேட் கம்ப்யூட்டர்.

கடலோரக் கோயில் ஒன்றில் அம்மன் பிறந்தநாளுக்கு நாங்கள்தான் ஆடுவோம். பாவ்-ஜூவின் அம்மா காலத்திலிருந்து அந்த இடம் எங்களுடையது. இந்த வருடம் கமிட்டிச் செயலாளர் இரண்டு மடங்கு பெரிய திரை வேண்டும் என்றார். வாடகைக்குத் திரை எடுத்தோம். எங்கள் கம்ப்யூட்டர் திணறியது. டிராகனின் தலை திரும்பும், வால் பழைய இடத்திலேயே நிற்கும். செயலாளர் பார்த்துவிட்டு, "டிராகனுக்கு வாதமா?" என்று கேட்டார். பிறகு, தன் மச்சானுக்குத் தெரிந்த வேறொரு குழு இருப்பதாகவும் சொல்லி வைத்தார். திரை இப்படியே நின்றால் அடுத்த வருடம் அந்த இடம் எங்களுக்கு இல்லை. கதையில் ஆபத்து இவ்வளவுதான். பெரிய ஆபத்தாகக் காட்ட முயன்றேன், வரவில்லை. ஆனால் பாவ்-ஜூவுக்கு இதைவிடப் பெரியது இல்லை.

படம் திணறாமல் ஓடுவதற்குப் பாவ்-ஜூ ஒரு பெரிய கார்டைப் பார்த்து வைத்தாள், வாங்குவதற்கு முன்னால் ராஜய்யாவிடம் கேட்டாள். ராஜய்யா கூத்துக்காரர்களின் தெய்வம். சிறிய மரப்பெட்டிக்குள் உட்கார்ந்தபடி எங்களோடு ஊர் ஊராக வருவார். ஒரு பக்கம் தட்டையாகவும் மறு பக்கம் குவிந்தும் இருக்கிற பிறை வடிவ மரத்துண்டு இரண்டைத் தரையில் போட வேண்டும், மேலே தெரிகிற பக்கம்தான் கணக்கு. ஒன்று தட்டையாகவும் ஒன்று குவிந்தும் விழுந்தால் சம்மதம். இரண்டும் குவிந்து விழுந்தால் மறுப்பு. இரண்டும் தட்டையாக விழுந்தால் அவர் சிரிக்கிறார், அதாவது நீ கேட்டது சரியில்லை. பெரிய காரியம் என்றால் தொடர்ந்து மூன்று சம்மதம் வேண்டும். மூன்றும் வந்தது. அவள் அந்தக் கார்டை வாங்கிவிட்டாள்.

[நான் அந்த மரத்துண்டுகளை நம்புவதில்லை. மரம் விழுந்தால் ஏதாவது ஒரு பக்கம் மேலே வரத்தான் செய்யும். ஆனால் ராஜய்யாவின் பெட்டியை என் சீட்டுக்குப் பின்னால், வெயில் படாத இடத்தில்தான் வைப்பேன். இரண்டும் உண்மை. எது முதலில் என்று கேட்காதீர்கள்.]

3

ஹுவெய் மார்க்கெட் பக்கம் யூ-ஷெங் என்பவனின் கடை. முப்பத்தைந்து வயதிருக்கும், காலில் செருப்பு இல்லை. கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினான். கார்டை உள்ளே காட்டிப் பார்த்தான். திருப்பிப் பிடித்து மறுபடியும் பார்த்தான்.

"அக்கா, இது செங்கல்லு. உங்க பெட்டி தீப்பெட்டி."

"கொஞ்சம் அழுத்திப் பாரு தம்பி," என்றாள் பாவ்-ஜூ.

"அழுத்தறதுக்கு இது என்ன ஊறுகாயா? முன்னாடித் தகடு இடிக்குது. சரி, தகட்ட வெட்டிட்டேன்னே வைங்க. கார்டுக்குக் கரண்டு எங்கேருந்து வரும்?"

"உள்ளதான் பவர் சப்ளை இருக்கே."

"இருக்கு. அது தனக்கு மட்டும் பொங்கித் தின்னுற ஆளு. இந்தக் கார்டுக்குத் தனி வயர் வேணும். அதுல கிடையாது."

"அப்ப அத மாத்து."

"மாத்தலாம். ஆனா கடையில கிடைக்கிற பவர் சப்ளை வயரு எதுவும் உங்க மதர்போர்டுல ஏறாது. கம்பெனிக்காரன் தனக்குன்னு ஒரு சொருகி செஞ்சு வெச்சிருக்கான்."

"எதுக்கு?"

"நீங்க அவன்கிட்டயே திரும்பி வரணும்னு."

இதைக் கேட்டதும் எனக்கு அவனைக் கொஞ்சம் பிடித்தது. யாரையும் நம்பாதவன் பேச்சு.

"அப்ப போர்டையும் மாத்து," என்றாள் அவள்.

"வேற போர்டு இந்தப் பெட்டியில உக்காராதுக்கா. திருகு ஓட்டையெல்லாம் வேற இடம். பெட்டியையும் மாத்தணும். கார்ட வெச்சுக்கிட்டு மிச்சத்தப் பூரா மாத்தணும்."

"அது கம்ப்யூட்டருக்குக் கார்டு போடறதில்லடா," என்றேன். "கார்டுக்கு வீடு கட்டறது."

"பெரியவர் சரியாச் சொல்றாரு."

"உன்ன நான் பாராட்டல."

அதற்கும் வழியில்லை. திரையை ஓட்டுகிற புரோகிராம் அந்தப் பழைய போர்டில் மட்டும்தான் திறக்கும். அதைச் செய்து கொடுத்தவர் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். புதுக் கம்ப்யூட்டர் பூட்டினால் புரோகிராம் இல்லை. பழையதை வைத்தால் கார்டு நுழையாது.

யூ-ஷெங் கார்டைத் துணியால் துடைத்து அதன் டப்பாவுக்குள் வைத்தான்.

"திருப்பிக் குடுத்துடுங்கக்கா. வாங்கின கடையிலேயே ஒரு குட்டைக் கார்டு இருக்கு. ஒல்லி. தனி வயரே வேண்டாம். உங்க டிராகனுக்கு அது தாராளம்."

"குடுக்க முடியாது."

"ஏன், பில்லத் தொலச்சிட்டீங்களா?"

"பில்லு இருக்கு. ராஜய்யா சரின்னுட்டாரு. மூணு தடவ."

யூ-ஷெங் சிரிக்கவில்லை. அவன் கடையிலும் மூலையில் சாமிக்கு ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது.

"மூணும் தொடர்ந்தா?"

"தொடர்ந்து."

"அப்பக் கஷ்டம்தான். என்னன்னு கேட்டீங்க?"

"இந்தக் கார்டு நல்ல கார்டான்னு."

"நல்ல கார்டுதான். அவரு பொய் சொல்லலையே. பெட்டிக்குள்ள போகுமான்னு கேக்கலையா?"

"பெட்டி இருக்கறது அவருக்குத் தெரியாதா? வருஷக்கணக்கா அது பக்கத்துலதான உக்காந்திருக்காரு."

"தெரியும். கேட்டாத்தானக்கா சொல்லுவாரு."

4

இந்த யூ-ஷெங்கை நான் முதலில் ஏமாற்றுக்காரனாக எழுதியிருந்தேன். "அவன் கண்களில் தந்திரம் மின்னி" என்று ஒரு வரி இருந்தது. அவன் கண்ணில் தூக்கம்தான் இருந்தது. இருந்தாலும், திருப்புளி பிடித்தவன் எவனும் தேவையில்லாததை ஒன்று கழற்றுவான் என்பது என் அனுபவம். பவர் சப்ளை, போர்டு, பெட்டி என்று ஒவ்வொன்றாக அவன் அவள் தலையில் கட்டுவான், கடைசியில் நான் அவன் சட்டையைப் பிடிப்பேன். கதை அப்படிப் போக வேண்டும். சட்டையைப் பிடிக்கிற இடத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன், நன்றாக வந்திருந்தது.

ஆனால் அவன் எதையும் விற்கவில்லை. வேறு கடைக்குப் போகச் சொல்கிறான். இதில் அவனுக்கு என்ன லாபம் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஏமாற்றுக்காரன் உட்காருவதற்கென்று அளவெடுத்து ஓட்டை போட்டு வைத்த கதைக்குள் இந்த ஆள் உட்காரவில்லை. அவனை மாற்றினால் பொய்யாகும். ஆகவே மற்றதையெல்லாம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். சட்டையைப் பிடிக்கிற பக்கத்தைக் கிழித்தாகிவிட்டது.

5

முடிவுக்கு வருவோம். என்னிடம் இரண்டு இருக்கின்றன.

ஒன்று. யூ-ஷெங்கே சொன்ன வழி இது.

"இன்னொரு பவர் சப்ளைய வெளியில வெச்சு, ஒரு பட்டை வயர் இழுத்து, கார்டப் பெட்டிக்கு வெளியவே நிறுத்தலாம். ஓடும்."

"லாரியிலயா?" என்றேன்.

"லாரியா?" கழுத்தைச் சொறிந்தான். "லாரியில வேணாம். ஆடுச்சுன்னா புட்டுக்கும். லாரின்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலையே."

அப்படியே செய்தோம் என்று எழுதிப் பார்த்தேன். சண்டைக் காட்சியில், வாள் உருவுகிற நேரத்தில் திரை கறுத்துவிடுகிறது. கறுப்புக்கு முன்னால் இரண்டு பொம்மைகள் அசைகின்றன. செயலாளர் மச்சானுக்குப் போன் செ

நிறுத்திவிட்டேன். என் லாரியை அவ்வளவு மோசமாக நான் ஓட்ட மாட்டேன்.

இரண்டு. யாரையும் கேட்காமல் குட்டைக் கார்டுக்கு மாற்றிவிடுகிறோம். டிராகன் வாலோடு பறக்கிறது. செயலாளர் தலையாட்டுகிறார். இது சுலபமான முடிவு என்று நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். ஆனால் எனக்குப் பாவ்-ஜூவைத் தெரியும். ராஜய்யா மூன்று தடவை சொன்னதைத் தட்டிவிட்டு வந்தவள் பொம்மைக்குள் கையை நுழைத்தால் அந்தக் கை நடுங்கும். கை நடுங்கினால் அதில் மாட்டிய தளபதி பொம்மையும் நடுங்கும். நடுங்குகிற தளபதியைப் பார்க்க யார் உட்காருவார்கள்? திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கூட்டம் பார்ப்பது பொம்மையைத்தான்.

ஆகவே அவள் மறுபடியும் கேட்டாக வேண்டும்.

6

லாரி கடை வாசலில் நின்றது. அவள் உள்ளே ஏறி ராஜய்யாவின் பெட்டியைத் திறந்து முன்னால் மண்டியிட்டாள். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கக் கூடாது, அது அவரைச் சந்தேகப்படுவது. புதிதாகக் கேட்கலாம். ஆனால் அவர் சம்மதம், மறுப்பு என்றுதான் சொல்வார். விளக்கமெல்லாம் சொல்ல மாட்டார்.

"அண்ணே, நீங்கதான் எழுதறவராச்சே. ஒரு வரி சொல்லுங்க," என்றாள்.

"'திருப்பிக் குடுக்கலாமா'ன்னு கேளு."

"அவரு குடுத்த வார்த்தையத் தூக்கி அவரு மூஞ்சியிலயே போடற மாதிரி இருக்கு."

"'தப்பு கார்டு மேலயா, பெட்டி மேலயா'ன்னு கேளு."

"ரெண்டுல எதுன்னு கேட்டா எப்படிண்ணே சொல்லுவாரு? ஆமா, இல்ல, இவ்வளவுதான் அவருகிட்ட இருக்கு."

"சரி, 'சின்னக் கார்டும் நல்ல கார்டுதானா?'"

அவள் யோசித்தாள். "இல்லன்னுட்டா?"

யூ-ஷெங் கடை வாசலில் வந்து நின்று, "அக்கா, இந்தத் தடவ பெட்டியையும் சேத்துக் கேளுங்க," என்றான்.

"வாய மூடுறா," என்று இரண்டு பேருமே சொன்னோம்.

பிறகு அவள் ஏதோ கேட்டாள். மரத்துண்டுகளைப் போட்டாள். எப்படி விழுந்தது என்று பார்த்தேன். அதை எழுத மாட்டேன். எழுதினால், விழுந்தது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். அவள் வாய்க்குள் கேட்டது எனக்கே கேட்கவில்லை. கேள்வி தெரியாமல் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு போய் நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஆகவே அந்த வரியை விட்டு வைக்கிறேன்:

"ராஜய்யா, . . . . . . . . . . . . . . . . . . . ?"

நிரப்புங்கள். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். எந்தப் பதில் வந்தாலும் திருவிழாவில் அவள் கை நடுங்கக் கூடாது. அப்படி ஒரு கேள்வி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நான் லாரியைக் கிளப்புகிறேன். வலப்பக்கம் திரும்பினால் கார்டு வாங்கிய கடை, இடப்பக்கம் கோயிலும் கடலும்.

எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள்.