கடைசி வாளிக்குப் போட்ட பாகு

தெல்மா பீர் பாட்டிலின் மூடியை நெம்பித் திறந்தபோது நுரை பொங்கி அவளுடைய கறுப்புச் சட்டையின் கையை நனைத்தது. துடைக்க நேரமில்லை. தகனம் முடிந்து திரும்பிய இருபது பேர் முன்னறையில் ஈரக் கோட்டுகளோடு நெருக்கியடித்து நின்றார்கள். அப்பா ஹெட்லி கடைசியாகக் காய்ச்சிய ஸ்டவுட், அந்தக் கறுப்பு பீர், ஆளுக்கு அரை டம்ளராவது போய்ச் சேர வேண்டும். அது படுக்கையிலிருந்தே அவர் போட்ட உத்தரவு. முதல் டம்ளர் நெவிலுக்கு. நாற்பது வருடம் அப்பாவோடு மில்லில் வேலை பார்த்து, அவர் காய்ச்சிய ஒவ்வொரு வாளியையும் ருசி பார்த்துக் குறை சொன்னவர்.

நெவில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளிக்காமலிருக்கப் படாதபாடு பட்டார்.

தெல்மாவும் குடித்துப் பார்த்தாள். தீய்ந்த கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டது. கூடவே இரும்புச் சாவியை நக்கினாற்போல் ஒரு ருசி. பீரில் ஊற்றும் சர்க்கரைப் பாகு கூடிப்போயிருக்கிறது. எப்படி என்றுதான் புரியவில்லை. அவள் போட்டது ஒரே ஒரு டின்.

மற்றவர்களைப்போல் கொதிக்கும்போதே பாகைச் சேர்க்கிற வழக்கம் அப்பாவுக்குக் கிடையாது. ஈஸ்ட் வேலையைத் தொடங்கி வாளியில் நுரை கட்டிய மறுநாள்தான், ஒரு டின் கறுப்புப் பாகை வெந்நீரில் கரைத்து மெல்ல ஊற்றுவார். அதில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. ஏழு வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த மறுநாள் வந்தபோது அவரால் மாடிப்படி இறங்க முடியவில்லை. தெல்மாவின் கையைப் பிடித்து, "நீதான் போடணும். உன் தம்பிக்குத் தெரிய வேண்டாம்" என்றார். டின்னை வெந்நீரில் வைத்துப் பாகு இளகக் காத்திருந்த நேரத்தில், ஐம்பத்திரண்டு வயதுக்காரி, அடுப்படியில் நின்று அழுதாள். சந்தோஷம்தான். மூன்று வருடம் அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, வசவும் வாங்கியதற்கு அவர் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அது.

"அக்கா, கொஞ்சம் இங்க வாயேன்."

தம்பி கோர்டன் அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போனான். கண்கள் சிவந்திருந்தன.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு. இனிமே சொன்னா என்ன? அந்தப் பாகை நான்தான் போட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் லீட்ஸிலிருந்து பார்க்க வந்திருந்தான். சாயங்காலம் தெல்மா மருந்து வாங்கப் போயிருந்த சமயத்தில், முனைக்கடையில் ஒரு டின் வாங்கிவரச் சொல்லி, எப்படிக் கரைப்பதென்று அப்பா அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். தெல்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றாராம்.

பதினேழு வயதில் கோர்டன் ஒருமுறை, பீர் அடங்குவதற்கு முன்பே பாட்டிலில் அடைத்துவிட்டான். பதினொரு பாட்டில் வெடித்தன. சரக்கறைக் கதவில் கண்ணாடி குத்தி நின்றது. அதன் பிறகு முப்பது வருடம் அப்பா அவனை வாளிக்குப் பக்கத்தில் அண்டவிடவில்லை. எந்தக் காரியத்தை அவன் தொட்டாலும், "பாட்டில் பத்திரம்டா" என்பார். அவன் கல்யாண விருந்திலும் அதையே சொல்லிச் சிரித்தார். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். பிறகு லீட்ஸுக்குக் குடிபோய்விட்டான்.

"என்னைக் கூப்பிட்டாரு பாரு. கடைசியில என்னை நம்பிட்டாரு, இல்ல?"

தெல்மாவுக்கு அப்பாமேல் கோபம் வந்தது. காலையில் அவளிடம் சொன்னதை மருந்து மயக்கத்தில் மறந்துபோனாரா? இல்லை, தெரிந்தேதான் ஆளுக்கொரு டின்னாகப் பிரித்துக் கொடுத்தாரா? கேட்க ஆள் இல்லை. என்கிட்டயும்தான் சொன்னாரு என்று சொல்ல அவள் வாய் துடித்தது.

நெவில் டம்ளரோடு உள்ளே வந்தார்.

"தப்பா நினைக்காத கண்ணு. இது ஹெட்லியோட அளவு இல்ல. ரெண்டு டின் விழுந்திருக்கு."

கோர்டனின் முகம் வெளுத்தது. "நான் ஒண்ணுதானே..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். கண்ணாடி பொறுக்கிய அன்றைக்கு இருந்த அதே முகம்.

"இன்னொண்ணு நான் போட்டது" என்றாள் தெல்மா. "என்கிட்ட யாரும் சொல்லல. அப்பா மறந்துட்டாரோன்னு நானாத்தான் போட்டேன். இவன்கிட்ட சொல்லியிருப்பாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நெவில் அவளைச் சற்று நேரம் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம் என்றார். ஆமாம் என்று அவள் தலையாட்டினாள்.

கோர்டன் நீளமாக மூச்சு விட்டான். "எதுலயும் உனக்கு முந்திக்கணும்" என்றான், கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டே. டம்ளர் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனான். நெவிலும் பின்னாலேயே போனார்.

அங்கே அவன் குரல் உயர்ந்தது. அப்பா மாடிக்குக் கூப்பிட்டது, டின் வாங்கிவந்தது, கரைத்தது எல்லாம் வந்தது. "எங்கக்கா குறுக்க பூந்து கெடுத்துட்டா, இல்லன்னா தேனா இருந்திருக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அன்று கேட்ட முதல் சிரிப்பு அது.

சாண்ட்விச் போதாது போலிருந்தது. தெல்மா ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, ஓரம் வரைக்கும், நாலு மூலைக்கும், வெண்ணெய் தடவினாள். பிறகு அடுத்ததை எடுத்தாள்.